எலி வளையும் தனி வளையும்: பம்பாய் ஓரறை வீட்டின் வரலாறு

தமிழில் ‘வீடு’ என்னும் சொல் இருபொருள் தருவது. நாம் குடியிருக்கும் இல்லமும் வீடு. அறம், பொருள், இன்பம் என்னும் மூன்றையும் கடந்து நிற்கும் பேரின்ப நிலையும் வீடு. ‘விடு’ என்னும் வினையடியாகப் பிறந்த இச்சொல், அலைச்சலை விட்டு மனிதன் அமைதி கொள்ளும் இடத்தைக் குறிப்பதாகக் கொள்வதில் பிழையில்லை. ஆயினும், பிழைப்பு நாடி விந்தியத்துக்கு அப்பால் வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கு வீடு என்பது முதன்முதலில் ஓர் அளவுக் கணக்காகவே எதிர்ப்படுகின்றது. பத்துக்குப் பன்னிரண்டா, பத்துக்குப் பதினாறா என்பதே நாம் கேட்கும் முதற்கேள்வி. காற்று வருமா, கிணறு உண்டா, கொல்லை எவ்வளவு ஆழம் என்று ஊரில் கேட்டு வந்த கேள்விகளெல்லாம் அந்த ஒரு கேள்விக்குப் பின்னே மறைந்துவிடுகின்றன.

ஒரு குடும்பம் மனிதத் தன்மையோடு வாழ எத்தனை சதுர அடி வேண்டும்? இக்கேள்விக்கு ஞானியர் ஒரு விடை சொன்னார்கள். மருத்துவர் ஒரு விடை சொன்னார்கள். அரசாங்கங்கள் காலந்தோறும் வெவ்வேறு எண்களைக் கோப்பில் எழுதின. அவ்விடைகளெல்லாம் வாழ்க்கையோடு மோதிச் சோதிக்கப்பட்ட நகரம் பம்பாய். 1995-ஆம் ஆண்டு முதல் மும்பை என வழங்கும் அந்நகரின் ஓரறை வீட்டு வரலாற்றை, அங்கு வாழ்ந்த, வாழ்கின்ற தமிழ்க் குடும்பங்களை மனத்திற்கொண்டு சுருங்கக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

துறவியின் குடிசை

சிறிய இடமே போதும் என்னும் கருத்துக்கு உலக வரலாற்றில் மதிப்பு மிகுதி. ஜப்பான் நாட்டில் காமோ நோ சோமெய் என்பார் அரசவைச் சூழலைத் துறந்து, மலைச்சாரலில் பத்தடிக்குப் பத்தடி கொண்ட குடிசையில் வாழ்ந்து, 1212-ஆம் ஆண்டில் அவ்வாழ்க்கையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அந்நூலின் பெயரே அக்குடிசையின் அளவைக் குறிப்பதாகும். அமெரிக்க அறிஞர் தோரோ 1845-ஆம் ஆண்டில் வால்டன் குளக்கரையில் தம் கையாலேயே கட்டிக்கொண்ட குடில் பத்தடிக்குப் பதினைந்தடி. நம் நாட்டிலோ, சேவாகிராமத்தில் காந்தியடிகள் வாழ்ந்த மண்சுவர்க் குடிலை இன்றும் மக்கள் சென்று கண்டு வணங்குகின்றனர்.

இச்சான்றுகளைக் காட்டி, ‘பெரியோர்களே சிறு குடிலில் வாழ்ந்தார்கள், எளியவர்க்கு ஓரறை போதாதா?’ என்று கேட்போர் அன்றும் இருந்தனர், இன்றும் உள்ளனர். அவர்கள் மூன்று செய்திகளை மறந்துவிடுகின்றனர். முதலாவது, சோமெய்யும் தோரோவும் தனி ஒருவராக வாழ்ந்தவர்கள். நூறு சதுர அடியும் நூற்றைம்பது சதுர அடியும் ஓர் ஆளுக்கு உரிய இடங்கள். இரண்டாவது, அவர்கள் குடிலுக்கு வெளியே காடும் நீரும் விரிந்து கிடந்தன. வீட்டுக்குப் பின்னிருந்த பைன் மரக்காட்டையே தம் வரவேற்பறையாகக் கொண்டதாகத் தோரோ எழுதுகின்றார். மூன்றாவது, அச்சிறுமையை அவர்கள் தாமே விரும்பி ஏற்றனர். வேண்டாமென்றால் கதவைத் திறந்துகொண்டு போய்விடலாம். விரும்பி இருக்கும் உண்ணாநோன்பும், உணவின்றிக் கிடக்கும் பட்டினியும் வயிற்றுக்கு ஒன்றாயினும் வாழ்க்கைக்கு ஒன்றல்ல.

ஆகவே ஓர் இல்லத்தின் போதுமான அளவை அறிய வேண்டுமாயின் துறவியின் குடிசையை விட்டுக் குடும்பத்தின் அறைக்குள் நுழைய வேண்டும்.

கொள்ளைநோய் எழுப்பிய கேள்வி

பம்பாயின் முதற் பருத்தி ஆலைக்கு 1854-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அமெரிக்க உள்நாட்டுப் போர் நிகழ்ந்த 1861 முதல் 1865 வரையிலான ஆண்டுகளில் இந்தியப் பருத்திக்கு ஏற்பட்ட தேவை அந்நகரில் செல்வத்தைக் கொட்டியது. ஆலைகள் பெருகின, கொங்கணத்திலிருந்தும் தக்காணத்திலிருந்தும் ஆட்கள் வந்து குவிந்தனர். அவர்களுக்கென எழுந்தவையே ‘சால்’ எனப்படும் குடியிருப்புகள். ஒரு நீண்ட வராந்தா, அதையொட்டி வரிசையாக ஓரறை வீடுகள், கோடியில் பொதுக் குழாயும் பொதுக் கழிப்பிடமும் என்பது அவற்றின் அமைப்பு. சென்னையில் நம்மவர் ‘ஸ்டோர்’ என்றும் ‘ஒண்டுக் குடித்தனம்’ என்றும் அறிந்திருந்த வாழ்க்கையின் பெருக்கிய வடிவம் அது எனலாம். வேறுபாடு ஒன்றுண்டு. சென்னை ஸ்டோரில் நடுவே ஒரு முற்றமாவது வானத்தைக் காட்டும். பம்பாய்ச் சால்கள் பலவற்றில் ஒரு கட்டிடத்துக்கும் அடுத்த கட்டிடத்துக்கும் நடுவே ஆள் நுழையும் சந்து மட்டுமே இருந்தது.

1896-ஆம் ஆண்டு செப்டம்பரில் மாண்ட்வி வட்டாரத்தில் டாக்டர் அகாசியோ வியேகாஸ் என்னும் மருத்துவர் பிளேக் என்னும் கொள்ளைநோயைக் கண்டறிந்து அறிவித்தார். சில மாதங்களில் இலட்சக்கணக்கானோர் நகரை விட்டு ஓடினர். ஆலைகள் ஆளின்றி நின்றன. ஏழையின் அறையில் காற்றில்லாமை ஏழையின் துன்பம் மட்டுமன்று, நகரத்தின் வாணிகத்துக்கே கேடு என்பது ஆள்வோருக்கு அப்போதுதான் புலப்பட்டது. 1898-இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டு, பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட் தோற்றுவிக்கப்பட்டது.

டிரஸ்ட் நெரிசலான பகுதிகளை இடித்து அகன்ற சாலைகளைத் திறந்தது. தானும் சில சால்களைக் கட்டியது. ஆனால் அது இடித்த அளவுக்குக் கட்டவில்லை. வீடிழந்தோர் பக்கத்துத் தெருக்களில் சென்று ஒண்டினர். நெரிசல் இடம் மாறியதேயன்றித் தீரவில்லை. எனினும் அக்காலத்து அலுவலர்கள் ஓர் உண்மையைத் தெளிவாகக் கண்டனர். டிரஸ்டின் தலைவராயிருந்த ஆர் என்பார் 1912-ஆம் ஆண்டில் வெளிச்சமும் காற்றும் பற்றி விரிவான சொற்பொழிவு ஆற்றினார். ஒரு கட்டிடத்துக்கு எதிரே அதன் உயரத்தில் ஏறக்குறைய பாதியளவாவது திறந்தவெளி இருத்தல் வேண்டும் என்பது டிரஸ்ட் கைக்கொண்ட விதி. அறையின் உள்ளளவைப் போலவே அறைக்கு வெளியே உள்ள அளவும் உயிர்காப்பது என்பதே அவ்விதியின் உட்கருத்து. இதனை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன். நூறாண்டுகளுக்குப் பின் இதே விதி மீண்டும் நம் முன் வந்து நிற்கும்.

ஆறு அடுப்புகள்

முதல் உலகப் போருக்குப் பின்னர், ஆலைகளில் உழைக்கும் பெண்களின் நிலையை ஆராயப் பம்பாய் அரசாங்கம் ஒரு பெண் மருத்துவரை அமர்த்தியது. அவர் கண்டெழுதிய ஒரு காட்சி, தொழிலாளர் பற்றிப் பின்னர் வெளிவந்த நூல்கள் பலவற்றில் இடம்பெற்றது. ஒரு சாலின் இரண்டாவது மாடியில், பதினைந்தடிக்குப் பன்னிரண்டடி அளவுள்ள ஒரே அறையில் ஆறு குடும்பங்கள் வாழ்ந்தன. தரையில் தனித்தனியே ஆறு அடுப்புகள் இருந்தன. பெரியவரும் குழந்தைகளுமாக எண்ணியபோது முப்பது பேர். அங்கிருந்த ஆறு பெண்களுள் மூவர் பேறுகாலத்தை எதிர்நோக்கியிருந்தனர்.

பதினைந்தைப் பன்னிரண்டால் பெருக்கினால் 180 சதுர அடி. முப்பதால் வகுத்தால் ஆளுக்கு ஆறு சதுர அடி. ஒரு மனிதன் நீட்டிப் படுக்க ஆறடி நீளமும் இரண்டடி அகலமும், அதாவது பன்னிரண்டு சதுர அடி வேண்டும். அடுப்பும் பானையும் பெட்டியும் இல்லையென்று வைத்துக்கொண்டாலும் அவ்வறையில் பாதிப்பேர்தான் ஒரே நேரத்தில் படுத்திருக்க முடியும். ஏனையோர் வராந்தாவிலோ, மாடிப்படியிலோ, தெருவோரத்திலோ உறங்கினர். அல்லது ஆலையின் வேலைமுறையை ஒட்டி மாறிமாறி உறங்கினர்.

இது ஒரு விதிவிலக்கு எனலாமோ? அதே காலத்தில் பம்பாய் அரசின் தொழிலாளர் அலுவலகம் நடத்திய ஆய்வின்படி, தொழிலாளர் குடும்பங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு ஓரறையில் வாழ்ந்தன. 1921-ஆம் ஆண்டுக்கான நகரச் சுகாதாரக் கணக்கு இதனினும் கொடிய செய்தியைச் சொல்கிறது. ஓரறைக் குடும்பங்களில் பிறந்த குழந்தைகளில் ஆயிரத்துக்கு 828 ஓராண்டு நிறைவதற்குள் மாண்டதாக அக்கணக்கில் பதிவாகியுள்ளது. ஈரறைக் குடும்பங்களில் அவ்வெண் 322. மூவறைக் குடும்பங்களில் 191. நான்கும் அதற்கு மேலும் அறைகள் உடைய குடும்பங்களில் 133. அக்காலப் பிறப்பு இறப்புப் பதிவில் குறைகள் பல உண்டு; வறுமை, பசி, தாயின் உழைப்பு ஆகியவற்றையும் அறையின் அளவையும் பிரித்துக் காண்பதும் அரிது. அவ்வளவையும் கழித்துவிட்டுப் பார்த்தாலும், அறை ஒன்று கூடும்போது எண் இறங்கிக்கொண்டே வரும் அந்த வரிசையைக் கண்டபின், இடம் என்பது வசதி பற்றிய பேச்சு மட்டுமே என்று எவரும் கூறத் துணியார்.

நூற்றறுபது சதுர அடி

இந்நிலையை மாற்றும் எண்ணத்துடன், ஆளுநர் ஜார்ஜ் லாய்டு காலத்தில், 1920-ஆம் ஆண்டு பம்பாய் வளர்ச்சித் துறை நிறுவப்பட்டது. நகருக்குள் வரும் ஒவ்வொரு பருத்திப் பொதிக்கும் ஒரு ரூபாய் வீதம் வரி விதித்து, தொழிலாளர்க்கு 50,000 ஓரறை வீடுகள் கட்டுவதாகத் திட்டம். கட்டி முடிந்தவை வொர்லி, நாய்காவ், டிலைல் சாலை, சிவ்ரி ஆகிய நான்கு இடங்களில் 207 கட்டிடங்கள். தரைத்தளமும் மூன்று மாடிகளுமாக ஒவ்வொன்றிலும் பெரும்பாலும் எண்பது அறைகள். ஆக, திட்டமிட்டதில் மூன்றில் ஒரு பங்கே நிறைவேறிற்று. பி.டி.டி. சால் என்று இன்றளவும் வழங்கப்படுபவை இவையே.

ஓர் அறையின் அளவு 160 சதுர அடி. கழிப்பிடம் தளத்துக்குப் பொது. கட்டிடம் முழுவதும் காங்கிரீட்டு. மழையும் வெயிலும் புகாதபடி திறப்புகளில் காங்கிரீட்டுப் பலகைகளைப் பொருத்திவிட்டார்கள், அறை இருண்டது. வாடகை, ஆலைக்கும் அறைக்கும் இடையிலான தொலைவு, வசதிக்குறைவு ஆகிய காரணங்களால், வீட்டுப் பஞ்சம் நிலவிய அதே நகரில் 1920-களின் பிற்பகுதியில் ஆயிரக்கணக்கான அறைகள் ஆளின்றிக் கிடந்தன. 1930-களில் சட்டமறுப்பு இயக்கத்தின்போது வொர்லிச் சால்களில் ஒரு பகுதியை அரசாங்கம் சிறைச்சாலையாகவே பயன்படுத்திக்கொண்டது. தொழிலாளிக்கு இல்லம் என்று கட்டியதைச் சிறையாக்குவதற்குப் பெரிய மாற்றம் ஒன்றும் தேவைப்படவில்லை!

பின்னர் அவ்வறைகள் நிரம்பின. 1947-ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1940-ஆம் ஆண்டு நிலவிய வாடகையை அடிப்படையாகக் கொண்டு நகரின் பழைய குடித்தனங்களைக் காத்தது. வாடகை உயராததால் குடியிருப்போர் அறையை விடவில்லை. வருவாய் உயராததால் தனியார் கட்டிட உரிமையாளர் பழுது பார்க்கவில்லை. பிள்ளைக்கு மணமானால் அறைக்குள்ளே பரண் எழும். பேரன் பிறந்தால் பரணுக்குத் திரை வரும். ஒரே அறையில் மூன்று தலைமுறைகள் அடுக்கடுக்காக வாழ்ந்த வரலாறு இவ்வாறு விளைந்தது.

ஒருவர் விழித்தால் ஒருவர் உறங்கலாம்

ஓரறை வாழ்வின் உண்மையை விளக்க ஒரு பேரறிஞரின் இளமையைக் காட்டலாம். 1904-ஆம் ஆண்டை ஒட்டி அம்பேத்கரின் தந்தையார் குடும்பத்துடன் பம்பாய்க்கு வந்து, பரேல் வட்டாரத்துச் சால் ஒன்றில் ஓரறையில் குடியேறினார். சமையலும் உறக்கமும் படிப்பும் அதே அறையில். மகனை முன்னிரவிலேயே உறங்கச் செய்துவிட்டுத் தந்தையார் இரவு இரண்டு மணிவரை விழித்திருப்பார். பின்னர் மகனைப் படிக்க எழுப்பிவிட்டு, அவர் எழுந்த இடத்தில் தாம் படுப்பார். அம்பேத்கரின் வரலாற்றை எழுதிய தனஞ்சய் கீர் தரும் செய்தி இது.

1912-ஆம் ஆண்டு முதல் இருபதாண்டுகளுக்கு மேலாக அக்குடும்பம் பரேலில் மேம்பாட்டு டிரஸ்டின் சால் ஒன்றில் இரண்டு அறைகளில் வாழ்ந்தது. 1930-களின் தொடக்கத்தில் தாதர் ஹிந்து காலனியில் தமக்கென வீடு கட்டும் வாய்ப்பு அம்பேத்கருக்கு வந்தபோது, அவர் முதலில் எண்ணியது புத்தகங்களைப் பற்றியே. ‘ராஜகிருகம்’ என்னும் அவ்வில்லம் ஒரு பெரிய நூலகமாகவே திகழ்ந்தது. படிக்க ஒரு மூலை இல்லாமையின் துன்பத்தை அறிந்தவர், இடம் கிடைத்தபோது அதனை எதற்குக் கொடுத்தார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். ஓரறையிலிருந்தே அம்பேத்கர் போன்ற மேதை தோன்றினார் என்றால், ஓரறை குறையாகுமோ? இவ்வாறு வாதிடுவது, தப்பி வந்தவனைக் காட்டி வெள்ளத்தைப் புகழ்வதாகும். விழித்திருந்த அந்தத் தந்தையின் உறக்கமும் கணக்கில் வரவேண்டும். எழுப்பிவிட ஆளின்றிப் படிப்பை விட்ட பிள்ளைகளின் எண்ணிக்கையும் வரவேண்டும்.

மாதுங்காவும் தாராவியும்

பம்பாய்த் தமிழர் வரலாற்றில் அருகருகே இரு வேறு உலகங்கள் உண்டு. டிரஸ்டின் தாதர்–மாதுங்கா திட்டத்தில் 1920-களிலும் 1930-களிலும் எழுந்த அடுக்குவீடுகளில், எழுத்தர்களாகவும் கணக்கர்களாகவும் வந்த தென்னிந்தியக் குடும்பங்கள் திரளாகக் குடியேறின. 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் அங்கே தோன்றியதும் அக்குடியேற்றத்தின் விளைவே. அவ்வடுக்குவீடுகளின் தனிச்சிறப்பு அறைகளின் எண்ணிக்கையைவிட, குளியலறையும் கழிப்பறையும் வீட்டுக் கதவுக்கு உள்ளேயே அமைந்ததுதான். கொல்லைக்கோடியில் கழிப்பிடம் இருப்பதே ஆசாரம் என்று எண்ணி வந்தவர்களுக்கு அது முதலில் உறுத்தலாகவே இருந்தது. அறிஞர் நிகில் ராவ் 2013-ஆம் ஆண்டில் வெளியிட்ட பம்பாய்ப் புறநகர் அடுக்குவீடுகள் பற்றிய ஆய்வுநூல், இம்மன மாற்றத்தை விரிவாக ஆராய்கிறது. சால்வாசியையும் அடுக்குவீட்டுக் குடும்பத்தையும் பிரித்த கோடு அக்கழிப்பறைக் கதவே.

மாதுங்காவிலிருந்து நடந்து செல்லும் தொலைவிலேயே தாராவி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே திருநெல்வேலிச் சீமையினின்றும் தோல் பதனிடும் தொழிலுக்காக வந்த தமிழர்கள் அச்சதுப்பு நிலத்தை மேடாக்கிக் குடியமர்ந்தனர். அங்கே அறை என்பது வாழுமிடம் மட்டுமன்று. பகலில் அதுவே பட்டறை. இட்டலி அவிக்கும் அடுப்பும், தோற்பை தைக்கும் இயந்திரமும், குழந்தையின் தூளியும் ஒரே கூரையின்கீழ் முறைவைத்து இடம் மாறும். வெளியார் கண்ணுக்கு நெரிசலாய்த் தெரிவது உள்ளிருப்போர்க்குப் பிழைப்பின் அடித்தளம். நடைபாதைவாசிகள் வழக்கில் 1985-ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பும் இதனை உணர்ந்தே, பிழைப்புக்கான உரிமை உயிர்வாழும் உரிமையுள் அடங்கும் என்று கூறியது. வேலைக்கு அருகில் ஒரு சிறு இடமா, தொலைவில் ஒரு பெரிய இடமா என்று கேட்டால், ஏழை முன்னதையே கொள்வான் என்பதற்கு, 1920-களில் ஆளின்றிக் கிடந்த வளர்ச்சித் துறை அறைகளும் சான்றாகும்.

கோப்பில் ஏறிய எண்கள்

இனி அரசாங்க எண்களைக் காண்போம். குடிசைப் பகுதிகளுக்கான சட்டம் மகாராஷ்டிரத்தில் 1971-இல் வந்தது. 1991-இல் வகுக்கப்பட்ட குடிசைப் புனரமைப்புத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 180 சதுர அடி என்று எழுதப்பட்டது. பெண் மருத்துவர் ஆறு அடுப்புகளைக் கண்ட அறையின் அளவும் இதுவே என்பதை வாசகர் மறந்திருக்க மாட்டார்கள். எழுபது ஆண்டு முன்னேற்றத்தின் பயனாக, ஆறு குடும்பங்களின் இடம் ஒரு குடும்பத்துக்குக் கிட்டியது. 1995-ஆம் ஆண்டுத் திட்டத்தில் அது 225 ஆயிற்று. 2008-இல் 269 ஆயிற்று. பின்னர் 300 ஆயிற்று. இவற்றில் கழிப்பறை வீட்டுக்குள்ளேயே உண்டு. மாதுங்காக் குடும்பம் 1930-களில் பெற்ற கதவைக் குடிசைவாசி அறுபதாண்டு கழித்துப் பெற்றார்.

ஆனால் இத்திட்டம் இயங்கும் முறையைக் கவனிக்க வேண்டும். கட்டுநர் குடிசைவாசிகளுக்கு இலவசமாக வீடு கட்டித் தருவார். அதற்கு ஈடாக, அதே நிலத்திலோ வேறிடத்திலோ கூடுதல் தளங்கள் கட்டி விற்றுக்கொள்ளலாம். எனவே இலவச வீடுகளை எவ்வளவு நெருக்கமாக அடுக்குகிறாரோ அவ்வளவுக்கு விற்பனைக்கான இடம் மிஞ்சும். விளைவு யாது? கோவண்டி, மான்கூர்டு வட்டாரங்களின் மறுகுடியேற்றக் குடியிருப்புகளில் ஏழெட்டு மாடிக் கட்டிடங்கள் ஒன்றுக்கொன்று ஏறத்தாழ மூன்று மீட்டர் இடைவெளியில் நிறுத்தப்பட்டன. 2018-ஆம் ஆண்டை ஒட்டி அங்கு நடத்தப்பட்ட ஆய்வு, வெயிலும் காற்றும் புகாத கீழ்த்தளங்களுக்கும் காசநோய்க்கும் உள்ள தொடர்பை எடுத்துக்காட்டிற்று. கட்டிட உயரத்தில் பாதியளவு வெளி வேண்டும் என்று 1912-இல் பேசப்பட்ட விதியை, அதே நகரம் நூறாண்டில் மறந்துபோயிற்று. சதுர அடி கூடியது, வானம் குறைந்தது.

இதற்கிடையில் பி.டி.டி. சால்களை இடித்துப் புதுக்கும் பணி தொடங்கி, 160 சதுர அடியில் இருந்தவர்களுக்கு 500 சதுர அடி வீடு என்று முடிவாயிற்று. 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டில் வொர்லியில் முதற்கட்டமாக 556 குடும்பங்கள் அத்தகைய வீடுகளின் சாவியைப் பெற்றன.

பிற அளவுகோல்களையும் ஒப்பிடுவோம். 1970-இல் முதன்முதலாக வெளிவந்து பலமுறை திருத்தப்பட்ட நம் தேசியக் கட்டிட விதித்தொகுப்பு, குடியிருப்பு அறை ஒன்றுக்குக் குறைந்தது 9.5 சதுர மீட்டர், அதாவது சுமார் 102 சதுர அடி வேண்டும் என்கிறது. சோவியத்து நாட்டில் 1920-களில் வகுத்த சுகாதார அளவு, தலைக்கு 9 சதுர மீட்டர், சுமார் 97 சதுர அடி. இங்கிலாந்தில் 1961-ஆம் ஆண்டின் பார்க்கர் மாரிஸ் அறிக்கை நால்வர் வாழும் அடுக்குவீட்டுக்குச் சுமார் 70 சதுர மீட்டர் வகுத்தது. தலைக்கு ஏறத்தாழ 188 சதுர அடி. 2015-இல் தொடங்கிய பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில் நலிந்த பிரிவினர்க்கு 30 சதுர மீட்டர் வீடு. ஐவர் குடும்பமாயின் தலைக்குச் சுமார் 65 சதுர அடி. வொர்லியின் புதிய வீட்டில் ஐவர் வாழ்ந்தால் தலைக்கு 100 சதுர அடி. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் சோமெய் தமக்கென வகுத்துக்கொண்ட குடிசையும் 100 சதுர அடி! துறவியானவர் எல்லாவற்றையும் துறந்தபின் எஞ்சிய இடத்தை எட்ட, ஆலைத் தொழிலாளியின் குடும்பம் நூறாண்டு காத்திருந்தது.

இந்தக் காத்திருப்பு பம்பாய்க்கு மட்டும் உரியதன்று. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, இந்தியக் குடும்பங்களில் நூற்றுக்கு 37 ஒரே அறையில் வாழ்ந்தன. ஏறத்தாழ 4 குடும்பங்களுக்குத் தமக்கென்று தனி அறையே இல்லை.

போதும் என்பது எது?

இவ்வரலாற்றிலிருந்து ஒரே எண்ணை விடையாகப் பிழிந்தெடுக்க இயலாது. ஆனால் சில அளவுகோல்களைத் துணியலாம். குடும்பத்தில் உள்ள அனைவரும் ஒரே நேரத்தில், அடுப்பில் கால் படாமல் நீட்டிப் படுக்க இடம் வேண்டும். பெண்கள் உடை மாற்றவும் நீராடவும் தாழிடத்தக்க ஒரு கதவு வேண்டும். புதிதாய் மணமானவர்க்குத் திரைக்குப் பதில் ஒரு சுவர் வேண்டும். வீட்டில் ஒருவர் நோயுற்றுக் கிடக்கையில் மற்றவர் உண்ணவும் உறங்கவும் இடம் வேண்டும். பிள்ளை படிக்க, பிறர் உறக்கத்தைக் கெடுக்காத ஒரு விளக்கும் ஒரு மூலையும் வேண்டும். சன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுச் சுவர் அல்லாமல் சிறிதாவது வானம் வேண்டும். இவற்றுக்குக் கீழே இருப்பது வறுமை. அதனை எளிமை என்று அழைத்தல் தகாது. இவற்றுக்கு மேலே வேண்டுவதெல்லாம் அவரவர் விருப்பமும் வசதியும் பற்றியன.

சால் வாழ்க்கையின் சிறப்பைப் போற்றுவோர், அந்த வராந்தாவின் தோழமையை எடுத்துரைப்பர். அது பொய்யன்று. அப்பளம் உலர்த்தவும், விழாக் கொண்டாடவும், அடுத்த வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் அவ்வராந்தா பயன்பட்டது. புதிய அடுக்குமாடிக்குச் சென்றவர்கள் கதவு மூடிய தனிமையைக் குறித்து வருந்துவதும் உண்மையே. ஆனால் நள்ளிரவில் பொதுக் கழிப்பிடத்துக்கு மகளைத் துணைக்கு எழுப்பிக்கொண்டு சென்ற தாயிடம் கேட்டால், வராந்தாவைப் பற்றி அவர் வேறொரு வரலாறு சொல்வார். இரண்டையும் ஒருங்கே எழுதுவதுதான் நேர்மை. வராந்தாவின் தோழமையை உயர்ந்த கட்டிடங்களிலும் அமைக்க முடியும். அதற்கு வேண்டியது கட்டுவோரின் மனம்.

புலம்பெயர்ந்து வாழும் நம்மவரிடையே ஒரு புதுமையையும் காண்கின்றோம். இங்கே ஈரறையில் நெருக்குண்டு வாழ்ந்து மிச்சம் பிடித்த பணத்தில், ஊரில் நான்கு அறைகளும் முன்கூடமும் கொண்ட வீடு கட்டப்படுகின்றது. ஆண்டில் பத்து நாள் திருவிழாவுக்குத் திறக்கும் அவ்வீடு, ஏனைய நாளெல்லாம் பூட்டிக் கிடக்கின்றது. இதனை எள்ளுவது எளிது. ஆனால் இடமின்றி வளர்ந்தவர்க்கு, எங்கோ ஓரிடத்தில் கைகால் நீட்டத் தமக்கென்று ஒரு தரை உண்டு என்னும் நினைவே ஒருவகை உறைவிடமாகிறது. இருப்பினும், படிக்க மூலையின்றி இங்கே பிள்ளை தடுமாற, அங்கே நான்கு அறைகள் தூசி படிவது தகுமா என்பதை ஒவ்வொரு குடும்பமும் ஒருமுறை கணக்கிட்டுப் பார்ப்பது நலம்.

‘எலி வளையானாலும் தனி வளை வேண்டும்’ என்பது நம் முன்னோர் பழமொழி. அது பெரிய வளையைக் கேட்கவில்லை. தனி வளையைக் கேட்கிறது. பம்பாயின் வரலாறு அதனோடு காற்று, நீர், வெளிச்சம் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறது.

இறுதியாக ஒரு வேண்டுகோள். அரசாங்கக் கோப்புகளில் எண்கள் நிலைத்துவிட்டன. அவ்வெண்களுக்குள் வாழ்ந்தவர்களின் சொற்கள் நிலைக்கவில்லை. தாராவியிலும் மாதுங்காவிலும், தில்லியின் அரசு குடியிருப்புகளிலும், கல்கத்தாவின் ஒண்டுக் குடித்தனங்களிலும் முதற்குடித்தனம் நடத்திய நம் முதியோர் இன்னும் சிலர் நம்மிடையே உள்ளனர். அவர்கள் வாழ்ந்த முதல் அறையின் நீள அகலத்தையும், அதில் எத்தனை பேர் எங்கெங்கே படுத்தனர் என்பதையும் கேட்டு எழுதி வைத்தல் நம் சங்கங்களின் கடமையாகும். வீட்டுக்கு ஒரு பக்கம் எழுதினாலும், தமிழ்க் குடியேற்ற வரலாற்றுக்கு அதைவிடச் சிறந்த ஆவணம் பிறிதொன்று இராது.